நாலு குட்டி டயருக்கு 11,400 ரூபாய்: என் ஹாபி எனக்குக் கத்துக்கொடுத்த பணக் கணக்கு



போன வாரம் நம்ம சேனல்ல போட்ட வீடியோல, எனக்குப் பின்னாடி ஷெல்ஃப்ல ஒரு சின்ன சிவப்பு கார் இருந்ததை நிறைய பேர் கவனிச்சிருக்கீங்க. "அண்ணா, அது என்ன கார்? பின் டயர் மட்டும் ஏன் அவ்ளோ பெருசு? எவ்ளோ ஆச்சு?"ன்னு கேட்டிருந்தீங்க. கார் வாங்கினது பெரிய கதை இல்லை. அந்த டயர் வாங்கினதுதான் கதை. அதைத்தான் இன்னைக்கு முழுசா சொல்லப் போறேன். என் மானம் கொஞ்சம் போகும், பரவாயில்லை. உங்க காசு மிச்சமாகும்.

அது 1968 டாட்ஜ் ஹெமி டார்ட். அமெரிக்காவின் டிராக் ரேஸுக்காகவே கிரைஸ்லர் கம்பெனி சுமார் 80 வண்டி மட்டும் செய்த கார். டிராக் ரேஸ்னா வளைவே கிடையாது. நேர் ரோட்ல கால் மைல், அதாவது 402 மீட்டர், யார் முதல்ல தாண்டறாங்கன்னு பார்க்கறது. என்கிட்ட இருக்கறது அதோட 1/25 அளவு பிளாஸ்டிக் மாடல். துண்டு துண்டா வரும், நாமதான் ஒட்டி, பெயின்ட் அடிக்கணும். இன்னொரு ஹாபிக்காரர்கிட்ட இருந்து பழைய கிட்டா 2,800 ரூபாய்க்கு வாங்கினேன்.

டயருக்கு மட்டும் 11,400 ரூபாய் ஆச்சு. ஆமாங்க, காரை விட நாலு மடங்கு.

அந்த 19 நாள்

இது சேனல் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி நடந்தது. அப்போ கைக்கு வர்ற சம்பளம் 34,000. எமர்ஜென்சி ஃபண்டுன்னு ஒண்ணு இருக்கணும்னே தெரியாத காலம். அப்பா அம்மாவுக்கு ஹெல்த் இன்ஷூரன்ஸ் எடுத்திருந்தேன். வருஷ பிரீமியம் 19,200. ஒரே தவணையா கட்டணும்.

பிரீமியம் தேதி வந்தப்போ அக்கவுன்ட்ல 6,000 ரூபாய் குறைஞ்சது. எங்க போச்சுன்னு பார்த்தா, பெரிய செலவு எதுவுமே இல்லை. 450, 1,150, 2,400ன்னு சின்னச் சின்னதா ஏழு மாசமா டயருக்குப் போயிருக்கு. "கிரேஸ் பீரியட் 30 நாள் இருக்கே, அடுத்த சம்பளத்துல கட்டிக்கலாம்"னு விட்டுட்டேன்.

இங்க ஒரு விஷயம் நல்லா கவனிங்க. வருஷத்துக்கு ஒரு தடவை பிரீமியம் கட்டற ஹெல்த் பாலிசியில, கிரேஸ் பீரியடுக்குள்ள கட்டிட்டா பாலிசியோட தொடர்ச்சி போகாது. ஆனா தேதி முடிஞ்சதுல இருந்து நீங்க பணம் கட்டற நாள் வரைக்கும் நடுவுல இருக்கற நாட்களுக்கு கவர் கிடையாது. அந்த நாட்கள்ல ஆஸ்பத்திரியில சேர்ந்தா செலவு நம்ம கையில இருந்துதான்.

எனக்கு அது 19 நாள். அதுல ஒன்பதாவது நாள் ராத்திரி அம்மாவுக்குத் தலை சுத்தல், வாந்தி. ஆட்டோ பிடிச்சுக் கூட்டிட்டுப் போறேன். பக்கத்துல அம்மா கண்ணை மூடிட்டு உட்கார்ந்திருக்காங்க. என் மனசுல ஓடினது என்ன தெரியுமா? "அட்மிட் பண்ணணும்னு சொல்லிடக் கூடாது." அம்மாவுக்கு என்ன ஆச்சோங்கற பயத்தோட சேர்ந்து, பில்லைப் பத்தின பயமும். நல்லவேளை, பிரஷர் ஏறியிருந்தது, அவ்வளவுதான். 700 ரூபாயோட வீட்டுக்கு வந்துட்டோம். அம்மாவுக்கு இன்னைக்கு வரைக்கும் இது தெரியாது.

ஹாபி தப்புன்னு சொல்ல வரல. நான் இன்னைக்கும் மாடல் பண்றேன், நிறுத்தற எண்ணமும் இல்லை. டயர் வாங்கினது தப்பில்லை. என்ன டயர் வேணும்னு தெரியாமலேயே அஞ்சு தடவை வாங்கினதுதான் தப்பு.

ஏன் இந்த டயர் கிடைக்கறது இவ்ளோ கஷ்டம்?

கிட்டுக்குள்ளேயே டயர் வரும். ஆனா என் கிட் பழசு. அந்தக் காலத்து டயர் மெத்துனு வினைல்ல செய்தது. வினைலை மிருதுவா வைக்கறதுக்கு அதுல ஒரு ரசாயனம் கலப்பாங்க. அது வருஷக்கணக்கா மெதுவா வெளியே கசிஞ்சு, பக்கத்துல படற பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கைக் கரைக்கும். பெட்டியைத் திறந்தா டயரும் வீலும் ஒண்ணோட ஒண்ணு உருகி ஒட்டியிருந்தது. உங்க வீட்ல பழைய கிட் இருந்தா இன்னைக்கே டயரைத் தனி ஜிப் கவர்ல போடுங்க. இதுக்குச் செலவு ஒரு ரூபாய்.

சரி, வேற டயர் போட்டா என்னன்னு கேப்பீங்க. டிராக் ரேஸ் டயர் நம்ம ரோட்டு டயர் மாதிரி இல்லை.

முதல் விஷயம், பின் டயர்ல கோடு, பட்டன் எதுவும் இருக்காது. மொழுமொழுன்னு இருக்கும். அதனாலதான் அதுக்கு ஸ்லிக்னு பேரு. மழைத் தண்ணியை ஒதுக்கறதுக்குத்தான் டயர்ல கோடு. டிராக் ரேஸ் காய்ஞ்ச தளத்துல நடக்கறதால, முழு ரப்பரும் தரையைப் பிடிக்கணும்.

ரெண்டாவது, காத்து ரொம்பக் கம்மி. நம்ம கார்ல 32, 33 பி.எஸ்.ஐ. வைப்போம். டாப் ஃபியூயல்னு சொல்ற பெரிய டிராக்ஸ்டர்ல பின் டயருக்கு ஒத்தை இலக்கத்துலதான் வைப்பாங்க. அதனால வண்டி கிளம்பும்போது டயரோட பக்கச் சுவர் பிழிஞ்ச துணி மாதிரி சுருங்கும். வேகம் ஏற ஏற டயரே உயரமா வளரும். நின்னுட்டு இருக்கும்போதுகூட கீழ்ப்பக்கம் கொஞ்சம் பிதுங்கியிருக்கும். மாடல்ல அந்தப் பிதுக்கம் இல்லைன்னா, வண்டி தரையில நிக்கற மாதிரியே தெரியாது, மிதக்கற மாதிரி இருக்கும்.

மூணாவது, முன் டயர் நேர் எதிர். ஒல்லியா, சைக்கிள் டயர் மாதிரி இருக்கும். முன்னாடி எடையும் உரசலும் குறையணும், அதான் காரணம்.

நாலாவது, காலம். 1950-கள், 60-கள் ஆரம்பத்துல வந்த சில ஸ்லிக்குகள்ல ஓரம் சோமாஸ் மடிச்ச மாதிரி நெளி நெளியா இருக்கும். அப்புறம் வந்தது சுருங்கற பக்கச் சுவர். இன்னைக்கு டாப் ஃபியூயல் பின் டயர் சுமார் 36 அங்குல உயரம், 17.5 அங்குல அகலம். இதை 1968 டார்ட்ல மாட்டினா, கல்யாண மாப்பிள்ளைக்கு அவங்க தாத்தா செருப்பைப் போட்ட மாதிரி இருக்கும்.

இந்த நாலும் எனக்கு ஆரம்பத்துல தெரியாது. தெரியாததோட விலைதான் கீழ இருக்கற லிஸ்ட்.

என் அஞ்சு வாங்கல்கள்

1. ஆன்லைன்ல "1/24 ரப்பர் டயர் செட்": 450 ரூபாய். வந்தது பொம்மைக் கார் டயர். ரோட்டு டயர் கோடு வேற. தேய்ச்சு எடுக்கலாம்னு பார்த்தா பிய்ஞ்சு வந்தது.

2. டயருக்காகவே இன்னொரு முழு கிட்: 3,400 ரூபாய். ஸ்லிக் நல்லாத்தான் இருந்தது. ஆனா என் வீல் அந்த டயருக்குள்ள லொட லொடன்னு ஆடுச்சு. மிச்ச கார் இன்னும் பெட்டியில தூங்குது.

3. வெளிநாட்டு விற்பனையாளர்கிட்ட ஆர்டர்: டயர் விலை 1,100. ஷிப்பிங் 1,900. சுங்க வரி, கூரியர் கட்டணம், கார்டு மார்க்-அப் எல்லாம் சேர்த்து 1,000. மொத்தம் 4,000 ரூபாய். வந்தது டிராக்ஸ்டர் டயர். டார்ட் மட்கார்டுக்குள்ள நுழையவே இல்லை.

4. ஒரு பையன்கிட்ட 3டி பிரின்ட்: 1,150 ரூபாய். உயரம், அகலம் சரி. நடு ஓட்டை 2 மி.மீ. சின்னது. அவசரப்பட்டு அழுத்தித் தேய்ச்சேன், ஒண்ணு ரெண்டா உடைஞ்சது.

5. ஹாபி நண்பர்களோட சேர்ந்து போட்ட கூட்டு ஆர்டர்ல ரெசின் டயர் செட்: என் பங்கு 2,400 ரூபாய். இதுதான் இன்னைக்கு கார்ல இருக்கு.

கூட்டிப் பாருங்க: 11,400. சரியான டயரோட விலை 2,400. மிச்ச 9,000 ரூபாய், ஸ்கேல் எடுத்து அளக்காததுக்கு நான் கட்டின ஃபீஸ். பிரீமியத்துக்குக் குறைஞ்சது 6,000 மட்டும்தான்னு ஞாபகம் வெச்சுக்கோங்க.

வாங்கறதுக்கு முன்னாடி அஞ்சு நிமிஷம்: அளவு

நிஜ ஸ்லிக் மேல 28.0/10.5-15ன்னு எழுதியிருக்கும். முதல் எண் உயரம், ரெண்டாவது அகலம், மூணாவது ரிம். எல்லாமே அங்குலம்.

1/25 அளவுக்கு ஒரு சூப்பர் குறுக்குவழி இருக்கு. ஒரு அங்குலம் 25.4 மி.மீ. அதை 25-ஆல வகுத்தா கிட்டத்தட்ட 1. அதனால, நிஜ டயர் எத்தனை அங்குலமோ, மாடல் டயர் கிட்டத்தட்ட அத்தனை மில்லிமீட்டர். கால்குலேட்டரே வேண்டாம்.

- 28 அங்குல உயரம்: மாடல்ல 28.4 மி.மீ.
- 10.5 அங்குல அகலம்: 10.7 மி.மீ.
- ஒல்லி முன் டயர் 26.0/4.5-15: உயரம் 26.4, அகலம் 4.6 மி.மீ.
- டாப் ஃபியூயல் 36 அங்குலம்: 36.6 மி.மீ.

என் மூணாவது ஆர்டர் ஏன் சொதப்பிச்சுன்னு இப்போ புரியுதா? எனக்கு வேண்டியது 28 மி.மீ. கிட்ட. நான் வாங்கினது 36 மி.மீ. கடைக்காரர் அளவைத் தெளிவா போட்டிருந்தார். நான்தான் போட்டோவை மட்டும் பார்த்தேன்.

1/24-ஆ, 1/25-ஆன்னு ரொம்பக் குழப்பிக்காதீங்க. அதே 28 அங்குல டயர் 1/24-ல 29.6 மி.மீ. வித்தியாசம் 1.2 மி.மீ.தான். நிஜத்துலயே டயர் பல உயரத்துல வரும், கண்ணுக்குத் தெரியாது. நடு ஓட்டை உங்க வீலுக்குப் பொருந்துதாங்கறதுதான் முக்கியம். நான் ரெண்டு தடவை அடி வாங்கினது அங்கதான்.

அதனால வாங்கறதுக்கு முன்னாடி ஒரு பேப்பர்ல நாலு எண் எழுதுங்க: உயரம், அகலம், வீலோட வெளி விட்டம், மட்கார்டுக்குள்ள இருக்கற இடம். ஒரு சாதாரண பிளாஸ்டிக் வெர்னியர் காலிப்பர் போதும். விற்கறவர் இந்த அளவைச் சொல்லலைன்னா கேளுங்க. கேட்டும் சொல்லலைன்னா விட்டுடுங்க.

எங்கெல்லாம் கிடைக்கும்? கம்மி செலவுல இருந்து வரிசையா

கையில இருக்கறதை மாத்தறது. கிட் டயர் நல்லா இருந்து பளபளன்னு பொம்மை மாதிரி தெரிஞ்சா, அதை ஒரு குச்சியில மாட்டி, தண்ணி தொட்டு 400 நம்பர் எமரி பேப்பர்ல ஓடுதளத்தை மட்டும் தேய்ங்க. நடுவுல இருக்கற அச்சுக்கோடு போயிடும், நிஜ ரப்பர் மாதிரி மங்கலா வரும். அகலம் பத்தலைன்னா, ஒரே அளவு டயர் ரெண்டை வெட்டி பக்கவாட்டுல ஒட்டி அகலமாக்கற பழக்கமும் இருக்கு. செலவு 20, 30 ரூபாய்.

ஓ-ரிங். பழைய டிராக்ஸ்டரோட ஒல்லி முன் டயருக்கு, பம்ப் உதிரிபாகம் விக்கற கடையில கிடைக்கற ரப்பர் ஓ-ரிங் அருமையா பொருந்தும். வீலைக் கையோட எடுத்துட்டுப் போய் மாட்டிப் பார்த்தே வாங்கலாம்.

நண்பர்களோட மாத்திக்கறது. எல்லா ஹாபிக்காரர் வீட்லயும் ஒரு உதிரி டப்பா இருக்கும். பல அமெரிக்க கிட்ல ரோட்டு டயர், ரேஸ் டயர்னு ரெண்டு செட் வரும். ஒண்ணு கண்டிப்பா மிஞ்சும்.

டயர் பேக். ஏ.எம்.டி. பேர்ல டயர் மட்டுமே தனி பேக்கெட்டா வருது. பக்கத்துல கம்பெனிப் பேர் அச்சடிச்சதும் உண்டு. பல கிட் டயர்ல எழுத்து இருக்காது, ஏன்னா டயர் கம்பெனி பேரைப் போட உரிமம் வாங்கணும். எழுத்து வேணும்னா இந்த பேக், இல்லைன்னா தனியா டெக்கால்.

ரெசின் டயர். ஃபயர்பால் மாடல்வொர்க்ஸ் மாதிரி சின்ன நிறுவனங்கள் 1/24, 1/25 அளவுல வார்க்கறாங்க. விவரம் துல்லியமா இருக்கும். உருகி ஒட்டற பிரச்சினையும் இல்லை. ஆனா நாமதான் பெயின்ட் அடிக்கணும். சுத்தக் கறுப்பு வேண்டாம், அடர் சாம்பல் அடிங்க. நிஜ டயர் அப்படித்தான் இருக்கும். தேய்க்கும்போது தண்ணி தொட்டுத் தேய்ங்க, மாஸ்க் போடுங்க. அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது.

3டி பிரின்ட். ஊர்லயே செய்யலாம், ஷிப்பிங் மிச்சம். ஆனா உங்க வீல் அளவைக் கொடுத்து, முதல்ல ஒரே ஒரு டயர் மட்டும் பிரின்ட் போட்டுப் பாருங்க. நாலையும் ஒண்ணா போட்டது என் தப்பு.

வெளிநாட்டு ஆர்டர்: விலை எங்க ஒளிஞ்சிருக்கு?

1,100 ரூபாய் டயர் எப்படி 4,000 ஆச்சுன்னு பார்த்தீங்க இல்லையா? இது டயருக்கு மட்டுமில்லை. வெளிநாட்டுல இருந்து ஷூ, கேமரா லென்ஸ், கீபோர்டு எது வாங்கினாலும் இதே கணக்குதான்.

வீடு வந்து சேரும் விலை = பொருள் விலை + ஷிப்பிங் + சுங்க வரி + கூரியர் கிளியரன்ஸ் கட்டணம் + கார்டு மார்க்-அப்

சுங்க வரி பொருள் விலைக்கு மட்டும் போடறதில்லை. ஷிப்பிங், இன்ஷூரன்ஸ் எல்லாம் சேர்த்த தொகைக்குத்தான். அதாவது ஷிப்பிங்குக்கும் வரி. நிறைய கிரெடிட் கார்டுல வெளிநாட்டுக் கரன்சிக்கு 2 முதல் 3.5 சதவீதம் மார்க்-அப், அந்த மார்க்-அப்புக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. வரி விகிதம் மாறிட்டே இருக்கும், ஆர்டர் போடற அன்னைக்குப் பாருங்க.

"கிஃப்ட்னு எழுதி அனுப்பச் சொல்லுங்க, வரி வராது"ன்னு யாராவது சொன்னா கேக்காதீங்க. தபால், கூரியர் வழியா வர்ற பரிசுக்கு இருந்த அந்தச் சலுகையை 2019 டிசம்பர்லயே எடுத்துட்டாங்க. ராக்கிக்கும் உயிர் காக்கற மருந்துக்கும் மட்டும்தான் விதிவிலக்கு. பொய் சொல்லி மாட்டினா பார்சலும் போகும், அபராதமும் வரும்.

ஷிப்பிங்கைக் குறைக்க நேர் வழி, கூட்டு ஆர்டர். 1,900 ரூபாய் ஷிப்பிங்கை நாலு பேர் பிரிச்சா ஆளுக்கு 475. டயருக்கு எடையே இல்லை, நாலு செட் சேர்ந்தாலும் ஷிப்பிங் பெருசா ஏறாது. ஆனா பணத்தை முன்னாடியே வசூல் பண்ணுங்க. நட்பும் மிஞ்சும்.

இப்போ நான் எப்படிச் செய்றேன்?

1. வருஷச் செலவை மாசச் செலவா மாத்திட்டேன். 19,200-ஐ 12-ஆல வகுத்தா 1,600. சம்பளம் வந்த மறுநாள் அந்த 1,600 தானா வேற அக்கவுன்ட்டுக்குப் போயிடும். அந்த அக்கவுன்ட்டுக்கு யு.பி.ஐ. இல்லை, கார்டு இல்லை. வண்டி இன்ஷூரன்ஸ், ஸ்கூல் ஃபீஸ் எல்லாத்துக்கும் இதே வழிதான்.

2. ஹாபிக்குன்னு தனிப் பணம். மாசம் 1,000 ரூபாய். எஸ்.ஐ.பி., இன்ஷூரன்ஸ், வாடகை எல்லாம் போன பிறகு. செலவு பண்ணலைன்னா அடுத்த மாசத்துக்குச் சேரும். இந்தப் பணத்துல என்ன வாங்கினாலும் எனக்குக் குற்ற உணர்ச்சி இல்லை, வீட்லயும் கேள்வி இல்லை.

3. பொருள் வாரியா மொத்தம் எழுதறேன். "இந்த மாசம் எவ்ளோ?"ன்னு மட்டும் பார்த்தா 450-ம் 1,150-ம் சின்னதாத்தான் தெரியும். "இந்தக் காருக்கு இதுவரைக்கும் எவ்ளோ?"ன்னு எழுதினாத்தான் உண்மை தெரியும். மூணாவது ஆர்டர்லயே 7,850 ஆகியிருந்தது. எழுதியிருந்தா அங்கயே நின்னிருப்பேன்.

4. "இவ்ளோ போட்டாச்சே"ன்னு யோசிக்கறதில்லை. நாலாவது தடவை வாங்கினதுக்கு நான் எனக்கே சொல்லிக்கிட்ட காரணம் அதுதான். ஏற்கெனவே போன பணம் திரும்ப வராது. அடுத்த ரூபாய் சரியான இடத்துக்குப் போகுதாங்கறதுதான் கேள்வி. நஷ்டத்துல இருக்கற ஷேரை மேல மேல வாங்கறவங்களும் இதே தப்பைத்தான் பண்றாங்க.

5. இதை முதலீடுன்னு சொல்றதில்லை. "பழைய கிட் பின்னாடி நல்ல விலைக்குப் போகும்"னு நானும் சொல்லிட்டுத் திரிஞ்சவன்தான். சிலது போகும். ஆனா விக்க ஆள் தேடணும், பெட்டி கெடாம இருக்கணும், டயர் உருகாம இருக்கணும். இது சந்தோஷத்துக்கான செலவு. அப்படியே ஒத்துக்கிட்டா கணக்கு நேராயிடும்.

இந்த வார இறுதியில ஒரு வேலை பண்ணுங்க. உங்க ஹாபி பைக்கா இருக்கலாம், கேமராவா இருக்கலாம், கேமிங்கா இருக்கலாம். கடைசி ஆறு மாச ஸ்டேட்மென்ட் எடுத்து, ஒரே விஷயத்துக்கு எத்தனை தடவை பணம் போயிருக்குன்னு கூட்டிப் பாருங்க. கூடவே, வீட்ல இருக்கற ஹெல்த் பாலிசியோட ரினியூவல் தேதியைப் பார்த்து போன்ல ரிமைண்டர் வைங்க, ஒரு மாசம் முன்னாடியே அடிக்கற மாதிரி.

டயர் மாட்டி கார் முடிஞ்ச அன்னைக்கு என் மனைவிகிட்ட காட்டினேன். கையில எடுத்து, பின் டயரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாங்க. "நிஜமாவே நல்லாருக்குங்க. ஆமா, அத்தையோட பாலிசி கட்டியாச்சா?"ன்னு கேட்டாங்க. கட்டியாச்சுன்னு சொன்னேன். அந்த வருஷம் தேதிக்கு 12 நாள் முன்னாடியே கட்டியிருந்தேன்.

டயரைத் தேய்ச்சு, பெயின்ட் அடிச்சு, கீழ்ப்பக்கம் லேசா தட்டையாக்கி நிக்க வெக்கறது எப்படின்னு அடுத்த வீடியோல செஞ்சே காட்டறேன். உங்க ஆறு மாசக் கூட்டுத்தொகை எவ்ளோ வந்ததுன்னு கமென்ட்ல தைரியமா சொல்லுங்க. 11,400-ஐத் தாண்டினவங்க இருந்தா, எனக்கும் கொஞ்சம் ஆறுதலா இருக்கும்!